ஃப்ளஷ் சரியாக வேலை செய்யவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டறிந்து வீட்டிலேயே சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ளஷ் பொத்தானை அழுத்தியும் கழிப்பறைக் கோப்பை சுத்தமாகவில்லை என்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றிப் பார்க்கிறோம். அதிலும் சரியாகவில்லை என்றால் பிளம்பரை அழைத்து டேங்கையே மாற்றிவிடுகிறோம். ஆனால் ஆசிட் ஊற்றித்தான் தீர வேண்டும் என்னும்படியான ஃப்ளஷ் கோளாறு அநேகமாக எதுவும் இல்லை. டேங்கின் உடல் விரிசல் விட்டிருந்தாலொழிய அதை முழுதாக மாற்ற வேண்டிய தேவையும் அரிது. உள்ளே இருக்கும் ஒரு வாஷரையோ வால்வையோ மாற்றினால் போதும், அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டுவது குறைவு.

கோளாறு பிறக்கும் இடங்கள் மூன்று. தண்ணீரைச் சேர்த்துவைத்துத் திறந்துவிடும் டேங்க் ஒன்று. அந்தத் தண்ணீரை வாங்கிச் சுற்றிலும் கழுவிக் கழிவைத் தள்ளும் பீங்கான் கோப்பை மற்றொன்று. கோப்பைக்கு அப்பால் சேம்பர் (வீட்டுக்கு வெளியே மூடி போட்ட சிறு கழிவுத் தொட்டி) வழியாகச் செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடைக்கோ செல்லும் கழிவுக் குழாய் மூன்றாவது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் கையில் ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் அமைப்பை, அதாவது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, போர் தண்ணீர், சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் ஃப்ளஷ் டேங்க் அல்லது கோப்பையோடு இணைந்த பீங்கான் டேங்க் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் வாளிச் சோதனை

சாதாரண 20 லிட்டர் வாளியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 7 அல்லது 8 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, முழங்கால் உயரத்திலிருந்து கோப்பையின் நடுவில் இரண்டு மூன்று நொடிக்குள் ஒரே வீச்சாக ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாகவோ குவளை குவளையாகவோ ஊற்றினால் சோதனைக்குப் பொருளில்லை. கோப்பையில் ஏற்கெனவே விளிம்புவரை தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் இதைச் செய்யவே வேண்டாம்; அடைப்பு இருப்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஊற்றிய தண்ணீர் தடதடவென்று இறங்கிக் கோப்பை சுத்தமாகிவிட்டால், கோப்பையிலும் குழாயிலும் குறையில்லை. டேங்க்தான் போதுமான தண்ணீரைப் போதுமான வேகத்தில் தரவில்லை. ஊற்றிய தண்ணீர் மேலேறி நின்று, பிறகு மெதுவாகக் கீழிறங்கினால் டேங்கைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, அடைப்பைத் தேட வேண்டும். வாளித் தண்ணீர் நன்றாகப் போகிறது, டேங்கும் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் ஃப்ளஷ் செய்யும்போது கோப்பையின் பக்கங்கள் நனையாமல் நடுவில் மட்டும் தண்ணீர் ஒழுகுகிறது என்றால், கோப்பையின் விளிம்புக்கு அடியிலுள்ள துளைகள் உப்பால் அடைத்திருக்கின்றன.

வேலைக்குத் தேவையானவை அதிகமில்லை. ரப்பர் கையுறை, பழைய பல் தூரிகை, வாய் அகலம் மாற்றக்கூடிய ஒரு ஸ்பேனர், டார்ச், டெஃப்லான் டேப், கழிப்பறைக்கென்றே உள்ள பிளஞ்சர் (அடைப்பை அழுத்தி எடுக்கும், பிடி உள்ள ரப்பர் கிண்ணம்) ஆகியவை இருந்தால் இங்கே சொல்லப்படும் பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம்.

டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தல்

டேங்கில் இருப்பது குழாயிலிருந்து வந்த நல்ல தண்ணீர்தான். கை வைக்க அருவருப்படைய வேண்டியதில்லை. பீங்கான் மூடியாக இருந்தால் இரண்டு கைகளாலும் தூக்கி, தரையில் ஒரு துணியின் மேல் படுக்கவைக்க வேண்டும். பொத்தான் மூடியோடு இணைந்திருந்தால் முதலில் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் சுவரை உடைக்க வேண்டும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது தேவையில்லை. முன்னால் உள்ள பொத்தான் தகட்டை மேல்நோக்கித் தள்ளியோ, அதன் திருகுகளைக் கழற்றியோ எடுத்தால் உள்ளே கைவிட ஒரு திறப்பு இருக்கும். தண்ணீரை நிறுத்தும் சிறு வால்வு, மிதவை, ஃப்ளஷ் வால்வு ஆகிய மூன்றையும் அந்தத் திறப்பின் வழியாகவே வெளியே எடுக்கும்படிதான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

உள்ளே இரண்டு வேலைகளுக்கு இரண்டு பொருத்திகள் இருக்கும். ஒன்று, தண்ணீர் வரும் மிதவை வால்வு. பழைய டேங்கில் நீண்ட கம்பியின் முனையில் பிளாஸ்டிக் பந்து இருக்கும். புதியவற்றில் செங்குத்தான குழாயின் மீதே சிறு கிண்ணம் ஏறி இறங்கும். மற்றொன்று தண்ணீரை வெளியே விடும் பொருத்தி. இது சைஃபன் வகை, வால்வு வகை என இரண்டு விதமாக இருக்கும், இவற்றின் கோளாறுகளும் வேறு வேறு. பக்கவாட்டுக் கைப்பிடியை அழுத்தி இயக்கும் பழைய டேங்குகளில் பெரும்பாலும் சைஃபன் இருக்கும். மணிபோல் கவிழ்ந்த ஒரு கூட்டுக்குள் தகடு ஒன்று தண்ணீரை மேலே தூக்கி வளைவுக்கு அப்பால் தள்ளியதும், மீதித் தண்ணீர் தானாகவே இழுபட்டு இறங்கிவிடும். நடுவில் பெரியதும் சிறியதுமாக இரண்டு பொத்தான் உள்ளவை வால்வு வகை. அடியில் ஒரு ரப்பர் அல்லது சிலிக்கான் வாஷர் துளையை மூடியிருக்கும், பொத்தானை அழுத்தினால் அது மேலெழும். நம் டேங்க் இவற்றில் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டேங்க் நிரம்புவதில்லை, அல்லது நிரம்ப நெடுநேரம் ஆகிறது

நம் ஊரில் ஃப்ளஷ் பலவீனமாக இருப்பதற்கு மிகவும் பொதுவான காரணம் இதுதான் என்பேன். ஒருவர் பயன்படுத்திவிட்டு வந்து, அடுத்தவர் உள்ளே போகும்போது டேங்க் பாதிதான் நிரம்பியிருக்கும். பாதித் தண்ணீரில் எந்தக் கோப்பையும் சுத்தமாகாது. மூடியைத் திறந்துவைத்து ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டுத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏற்றம் நின்றதும் தண்ணீரின் மட்டம் டேங்கின் உட்பக்கத்தில் குறித்துள்ள கோட்டைத் தொடுகிறதா, அல்லது வழிவுக் குழாயின் (மிஞ்சிய தண்ணீரைக் கோப்பைக்குள் வழியவிடும் குழாயின்) வாய்க்கு 2 சென்டிமீட்டர் கீழே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்கும் மிகக் கீழே நின்றுவிட்டால் மிதவை தாழ்வாக அமைந்திருக்கிறது. புதிய வகையில் மிதவையின் பக்கத்திலுள்ள திருகையோ பிடிப்பையோ சரிசெய்து மிதவையை உயர்த்தலாம். பந்து வகையில் கம்பியை மேல்நோக்கி மெல்ல வளைத்தால் போதும். பந்து டேங்கின் சுவரிலோ சைஃபனிலோ உரசி மாட்டிக்கொண்டிருப்பதும் உண்டு, அதையும் பார்த்துவிட வேண்டும்.

மட்டம் சரியாக இருந்தும் ஏற்றம் மெதுவாக இருந்தால் வருகிற வழியில் தடை இருக்கிறது. டேங்குக்கு வரும் தண்ணீரை நிறுத்தச் சுவரில் பொருத்தியிருக்கும் ஆங்கிள் காக்கை வலப்பக்கம் திருகி மூடிவிட்டு, டேங்கோடு சேரும் இணைப்புக் குழாயின் நட்டைக் கழற்றி, அதன் முனையை ஒரு வாளிக்குள் வைத்து ஆங்கிள் காக்கைத் திறக்க வேண்டும். வாளியில் தண்ணீர் வேகமாக விழுந்தால் தடை மிதவை வால்வுக்குள் இருக்கிறது. அங்கேயும் ஒழுகலாக விழுந்தால் ஆங்கிள் காக்கிலோ மேலிருந்து வரும் குழாயிலோ இருக்கிறது. நட்டைக் கழற்றும்போது டேங்குக்குள் மிதவை வால்வை மற்றொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வால்வும் சேர்ந்து சுழன்று, பந்தோ கிண்ணமோ சுவரில் மோதி, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக உண்டாகும்.

மிதவை வால்வின் வாயில் விரல் நுனி அளவுக்குச் சிறிய சல்லடை ஒன்று பொதுவாக இருக்கும். போர் தண்ணீரோடு வரும் நுண்மணல், பழைய இரும்புக் குழாயின் துரு, மூடாத மாடித் தொட்டியிலிருந்து வரும் பாசித் துணுக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து இந்தச் சல்லடையில் பழுப்பு நிறக் களிம்பாக அப்பியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். ஊசியாலோ சிறு இடுக்கியாலோ அதை வெளியே இழுத்து, பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி மீண்டும் பொருத்த வேண்டும். இந்தச் சல்லடை தொந்தரவு என்று தூக்கி எறிந்துவிடுகிற பிளம்பர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்த மணல் நேராக வால்வுக்குள் போய், நிரம்பிய பின்னும் நிற்காமல் ஓடும் கோளாறாக அடுத்த மாதம் திரும்பி வரும்.

ஆங்கிள் காக்கிலும் தண்ணீர் வேகமாக வரவில்லை என்றால் இரண்டைச் சோதிக்க வேண்டும். மாடித் தொட்டி முழுவதும் காலியாகி, பிறகு மோட்டார் போட்டு நிரப்பிய நாளில் இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. அந்த லைனிலுள்ள தாழ்வான குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் முழுவதுமாகத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டால் காற்று தும்மித் தும்மி வெளியேறிவிடும். இரண்டாவது, உயரம். தண்ணீரின் அழுத்தம் தொட்டி நமக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் (அழுத்தத்தின் அலகு) என்பது கணக்கு. தரைத்தளத்துக்குத் தாராளமாகக் கிடைக்கும் அழுத்தம், மாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள கடைசித் தளத்தில் 0.2 அல்லது 0.3 பார்தான் இருக்கும். டேங்க் உள்ள கழிப்பறைக்கு இதனால் வரும் நட்டம் காத்திருப்பு மட்டுமே. டேங்கே இல்லாமல் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே ஃப்ளஷ் செய்யும் வால்வைக் கடைசித் தளத்தில் போட்டிருந்தால் அது ஒருநாளும் திருப்தியாக வேலை செய்யாது. அதைச் சரிசெய்வதில் பணத்தைக் கரைக்காமல் சாதாரண டேங்க் ஒன்றை மாட்டிவிடுவதே நல்லது.

மிதவை வால்வையே மாற்ற நேர்ந்தால், பழையதைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பக்கவாட்டில் தண்ணீர் நுழைவதா, அடியிலிருந்து நுழைவதா என்பதும், உள்ளே நிற்கும் உயரமும் பொருந்தாவிட்டால் வாங்கியது பயன்படாது. ரப்பர் வாஷர் டேங்கின் உட்பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் வர வேண்டும். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் திருக வேண்டும். பலத்தைக் காட்டினால் மரை அறுந்துவிடும், பீங்கானாக இருந்தால் டேங்கே விரிசல் விடும். இணைப்புக் குழாயின் முனைகளில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. ஆங்கிள் காக் சுவருக்குள் செல்லும் மரையில்தான் அது தேவை, அதையும் மரை சுழலும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

தண்ணீர் நிற்காமல் கோப்பைக்குள் கசிகிறது

நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் கசிந்தாலும் ஒரு நாளில் 288 லிட்டர் போய்விடும். ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டியில் கால் பங்குக்கும் மேல் என்பதால், மோட்டார் அடிக்கடி ஓடுவதும் கரண்ட் பில் ஏறுவதும்தான் பல வீடுகளில் இந்தக் கசிவின் முதல் அறிகுறி. கசிவினால் டேங்கின் மட்டம் குறைந்துகொண்டே இருப்பதால் ஃப்ளஷும் பலவீனமாகும்.

முதலில் வழிவுக் குழாயைப் பார்க்க வேண்டும். தண்ணீர் அதன் வாய்க்கு மேலேறி உள்ளே விழுந்துகொண்டிருந்தால் குற்றம் மிதவை வால்வுடையது: மிதவையைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும், பந்தைக் கழற்றிக் குலுக்கி, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்போதும் நிற்கவில்லை என்றால் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு வால்வின் தலைமூடியைத் திருகி எடுத்து, உள்ளே உள்ள வட்ட ரப்பரையும் அதிலுள்ள ஊசித் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். அந்தத் துளையில் ஒரு மணல் அமர்ந்தாலே வால்வு மூடாமல் நின்றுவிடும்.

மட்டம் வழிவுக் குழாய்க்குக் கீழேதான் நிற்கிறது, ஆனாலும் கோப்பையின் பின்சுவரில் ஈரக்கோடு தெரிகிறது என்றால், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துப் பன்னிரண்டு துளிகளை டேங்கில் விட்டுவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். கோப்பையில் நீல நிறம் எட்டிப் பார்த்தால் ஃப்ளஷ் வால்வின் வாஷர் கசிகிறது. சைஃபன் வகையில் இந்த வாஷரே கிடையாது என்பதால், அங்கே கசிவு என்றால் மிதவை வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வாஷரைப் பார்க்க, ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து, ஃப்ளஷ் வால்வின் உடலைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருகித் தூக்கினால் பெரும்பாலான மாடல்களில் அது கழன்று வந்துவிடும். அடியிலுள்ள வாஷரைக் கழற்றிக் கழுவ வேண்டும். அது விறைத்தோ அலையலையாக நெளிந்தோ போயிருந்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே சில காலம் ஓடும். அடுத்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வாஷர் அமரும் வட்ட விளிம்பை விரல் நுனியால் ஒரு சுற்று முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் ஏதோ ஓரிடத்தில் உப்புக்காகிதம்போல் சொரசொரப்பு தட்டுப்படும். அந்த இடத்தைச் சுரண்டாமல், எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்துத் தேய்த்து வழுவழுப்பாக்கினால்தான் புதிய வாஷரும் அமரும். இல்லாவிட்டால் எத்தனை வாஷர் மாற்றினாலும் கசிவு அப்படியே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கசிகிறதென்றால் பொத்தானின் அடியிலுள்ள கம்பிகளைப் பார்க்க வேண்டும். அவை தேவைக்கு மேல் நீளமாக இருந்தால், மூடியை வைத்ததுமே வால்வை அழுத்திக்கொண்டிருக்கும். மூடியை எடுத்தால் கசிவு நிற்பதும் மூடினால் தொடங்குவதும் இதன் அடையாளம். டேங்கின் தண்ணீரில் போடும் குளோரின் மாத்திரைகள் ரப்பரை அரித்துவிடுவதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

அழுத்தினாலும் தண்ணீர் சரியாக இறங்கவில்லை

பொத்தான் வகையில், மேலே சொன்ன கம்பிகள் குட்டையாக இருந்தால் வால்வு பாதிதான் எழும். கம்பியைத் திருகி அரை சென்டிமீட்டர் நீட்டிப் பார்க்க வேண்டும். சைஃபன் வகையில், இரண்டு மூன்று முறை கைப்பிடியை அடித்த பிறகே தண்ணீர் இறங்குகிறதென்றால், முதலில் மட்டம் குறைவா என்று பார்த்து, மட்டம் சரி என்றால் உள்ளிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு கிழிந்திருக்கிறது என்று முடிவு செய்யலாம். டேங்கைக் காலி செய்து, அடி நட்டைக் கழற்றி, சைஃபனை வெளியே எடுத்துத்தான் அதை மாற்ற முடியும். தகடு தனியாகக் கிடைக்காத இடத்தில் சைஃபன் முழுவதையும் மாற்றுவது எளிது. கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொங்கினால், கைப்பிடிக் கம்பிக்கும் சைஃபனுக்கும் நடுவிலுள்ள கொக்கி அறுந்திருக்கும். கடை திறக்கும் வரை ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் கட்டிச் சமாளிக்கலாம்.

டேங்கை மாற்றிய பிறகு ஃப்ளஷ் பலவீனமாகிவிட்டது என்ற புகாருக்குக் காரணம் வேறு. பழைய கோப்பைகள் பல 10 லிட்டர் தண்ணீரை எண்ணிச் செய்யப்பட்டவை. இப்போது விற்கும் இரட்டைப் பொத்தான் டேங்குகள் பல பெரிய பொத்தானுக்கு 6 லிட்டரும் சிறிய பொத்தானுக்கு 3 லிட்டரும் விடுபவை. பழைய கோப்பையோடு புதிய டேங்கைச் சேர்த்தால் இரண்டுமே பழுதில்லாமல் இருந்தும் வேலை நடக்காது. வால்வில் தண்ணீரின் அளவைக் கூட்டும் நகர்த்தி இருந்தால் அதை முழு அளவுக்கு வைக்கலாம். தண்ணீரை மிச்சம் பிடிக்க யாராவது டேங்குக்குள் பாட்டிலோ செங்கல்லோ போட்டிருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இந்தியன் டாய்லெட்டுக்கு டேங்கைத் தாழ்வாக மாட்டியிருந்தாலும் இதே குறைதான் வரும். அதற்குத் தண்ணீர் உயரத்திலிருந்து விழும் வேகம் வேண்டும்.

கோப்பையின் விளிம்பில் படியும் உப்பு

விளிம்புக்கு அடியில் ஒரு சிறு கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாகத் துளைகள் தெரியும். கடினநீர் உள்ள ஊர்களில் அவை மஞ்சளும் வெள்ளையுமான உப்பால் பாதி மூடியிருக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் 100 கிராம் எடுத்து ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இரவு எல்லோரும் படுத்த பிறகு, டேங்கைக் காலி செய்த நிலையில் வழிவுக் குழாய்க்குள் மெதுவாக ஊற்றினால் அது நேராக விளிம்பின் உள்வழிக்குப் போய்ச் சேரும். காலையில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியின் முனையை வளைத்து ஒவ்வொரு துளையிலும் விட்டுக் குடைந்து, பிறகு ஃப்ளஷ் செய்ய வேண்டும். கெட்டியான படிவு ஒரே இரவில் கரையாது, சில முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

ஆசிட்டை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் உண்டு. அது தரை ஓட்டின் இடுக்கிலுள்ள சிமெண்டையும் உலோகப் பொருத்திகளையும் அரிக்கும். அளவுக்கு மேல் போனால் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு எழும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும் கழிப்பறைச் சுத்திகரிப்பான்கள் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதால், ‘ஆசிட் ஊற்றவில்லையே’ என்று நினைத்து அவற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதும் அதே ஆபத்துதான்.

அடைப்பை எடுத்தல்

தண்ணீர் மேலேறிக்கொண்டிருக்கும்போது மறுபடி ஃப்ளஷ் செய்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. உடனே ஆங்கிள் காக்கை மூட வேண்டும். கோப்பையில் தண்ணீர் அதிகமாக இருந்தால் குவளையால் மொண்டு வாளியில் எடுத்துவிட்டு, பிளஞ்சரின் வாய் மூழ்கும் அளவுக்கு மட்டும் விட்டுவைக்க வேண்டும். கழிப்பறைக்கான பிளஞ்சரின் அடியில் கூடுதலாக ஒரு மடிப்பு நீண்டிருக்கும், அது கோப்பையின் துளைக்குள் அமர வேண்டும்; தட்டையான கிண்ண வடிவப் பிளஞ்சர் சமையலறைத் தொட்டிக்கு உரியது. முதல் அழுத்தம் மெதுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் காற்று முகத்தில் தெறிக்கும். பிறகு வாயை எடுக்காமல் 15, 20 முறை அழுத்தியும் இழுத்தும் இயக்க வேண்டும். அடைப்பை உடைப்பது தள்ளுதல் மட்டுமல்ல, இழுத்தலும்தான்.

அடைத்திருப்பது மலமோ காகிதமோ என்றால், அதற்கு முன்பே பாத்திரம் துலக்கும் திரவம் சிறிது ஊற்றி, அதன்மேல் அரை வாளிச் சுடுநீரை விட்டு அரை மணி நேரம் ஊறவைப்பது வேலையை எளிதாக்கும். குளிக்கிற சூடு போதும். கொதிநீர் பீங்கானை விரிசல் விடச் செய்யும்.

நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஈரத் துடைப்புத் துணி, தேங்காய் நார், சோப்புத் துண்டு, பல் தூரிகை, கோப்பையின் விளிம்பில் தொங்கவிடும் வாசனைக் கட்டியின் பிளாஸ்டிக் கூடு ஆகியவை விழுந்திருந்தால் பிளஞ்சரைத் தொடக் கூடாது. அவை இன்னும் உள்ளே போய் வளைவில் இறுகிவிடும். கையுறை அணிந்து கைக்கு எட்டும் வரை தேடிவிட்டு, எட்டாவிட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விட்டு, முட்டிய இடத்தில் மேலும் சில சுற்றுச் சுழற்றிப் பொருளைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுக்க வேண்டும். இரும்புக் கம்பியாலோ கடப்பாரையாலோ குத்தினால் வளைவு உடைந்துபோகும். உடைந்த பின் கோப்பையைப் பெயர்த்து மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவை எதற்கும் மசியவில்லை என்றால் வீட்டுக்கு வெளியே உள்ள சேம்பரின் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கும் அப்பால். முதலாவதைச் சேம்பர் பக்கத்திலிருந்து ஸ்பிரிங் விட்டோ, பிளம்பர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் மூங்கில் பிளாச்சு விட்டோ எடுத்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாத் தளத்துக்கும் பொதுவான குழாயில் அடைப்பு என்று தெரிந்தால் தனியே முயலாமல் சங்கத்திடம் சொல்லிவிட வேண்டும். மேல்தளத்தார் தண்ணீர் விடுவதை நிறுத்தாமல் கீழே திறந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

காற்றுக் குழாயும் செப்டிக் டேங்கும்

ஃப்ளஷ் செய்யும்போது குளியலறைத் தரைத் துளையில் குடுகுடுவென்று குமிழி எழுந்தால், அல்லது கோப்பையில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர் இழுபட்டுப்போய் நாற்றம் வந்தால், கழிவுக் குழாய்க்குள் காற்று நுழைய வழியில்லை என்று பொருள். மொட்டை மாடிக்கு மேல் நீண்டிருக்கும் காற்றுக் குழாயின் தலையில் கொசு வராமலிருக்க வலை கட்டியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தூசியும் ஒட்டடையும் படிந்து அந்த வலை துணிபோல் அடைந்துவிடும். வலையை மாற்றினால் ஃப்ளஷின் வேகம் கூடுவதைக் கண்ணாலேயே காணலாம். வலையே வேண்டாம் என்று எடுத்துவிடக் கூடாது.

வீட்டிலுள்ள எல்லாக் கழிப்பறைகளும் ஒரே சமயத்தில் மந்தமானால் செப்டிக் டேங்க் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும் என்பது பொது விதி. நம்மில் பலர் அடைக்கும் வரை அதை நினைப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மந்தமாகி, தை பிறந்ததும் தானாகச் சரியாகிவிட்டால், நிரம்பியது தொட்டி அல்ல. நிலத்தடி நீர் ஏறி, செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகுழி அதை உறிஞ்சாமல் நிற்கிறது. லாரியை அழைத்துக் கசடை எடுத்த சில நாளிலேயே மறுபடி நிரம்பினாலும் அதே காரணம்தான். அப்போது உறைகுழியைத்தான் பார்க்க வேண்டும், லாரிக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுப்பதில் பயனில்லை.

எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஒருவரை நினைவிழக்கச் செய்யும்; அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாமவரும் மாண்டுபோவது நாம் செய்தியில் திரும்பத் திரும்பப் படிப்பது. மனிதரை இறக்கிக் கழிவு அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. வேலை கொடுத்தவரும் அதில் பொறுப்பாளி. உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். மூடியைத் திறந்து சற்று நேரம் விலகி நிற்க வேண்டும், அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. லாரி உறிஞ்சி முடித்ததும், வீட்டிலிருந்து வரும் குழாய் தொட்டிக்குள் முடியும் இடத்தில் கெட்டியான ஏடு அடைத்திருந்தால் அதை நீண்ட கழியால் மேலிருந்தபடியே தள்ளிவிடச் சொல்லி, உள்ளே ஒருவரை ஃப்ளஷ் செய்யச் சொல்லி, தண்ணீர் தடையின்றி வந்து விழுகிறதா என்று பார்த்த பிறகே மூடியை வைத்துச் சிமெண்ட் பூச வேண்டும்.